ஊசி தாண்டிய இடம்

டிம்னா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஃபின்டன் பிடில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். அவள் கை நிற்கவில்லை; கோப்பை வழிந்து தட்டு நிறைந்தது.

உள்ளறையில் அவள் அப்பா பாக்கி, விரல்களில் ஜெபமாலை சுற்றியிருக்க, சவப்பெட்டியில் கிடந்தார். மாதக்கணக்கில் அவள் புரட்டிப் புரட்டித் துடைத்த உடம்பு. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"வந்துட்டாருடி, டப்ளின் வாத்தியாரு," என்றாள் பக்கத்துப் பண்ணை ஜோசி, அவன் காதில் விழும்படியாகவே.

அமெரிக்காவின் புரூக்ளினிலிருந்து டிம்னாவின் சித்தப்பா அனுப்பிய இசைத்தட்டைக் கேட்டுத்தான் பாக்கி ஓர் ஆட்ட மெட்டைப் பழகினார். கப்பலிலேயே விரிசல் விட்ட தட்டு. விரிசலில் ஊசி தாண்டும். அதே இடத்தில் பாக்கியின் வில்லும் தாண்டியது. ஊர்க் கால்களும் அங்கே ஒரு துள்ளு துள்ளிப் பழகிவிட்டன. பழைய மெட்டுகளைத் தேடி, பதிவுக் கருவியோடு டப்ளினிலிருந்து இந்த லீட்ரிம் பக்கம் வந்த ஃபின்டன்தான், "இங்க ஒரு துண்டு விட்டுப்போச்சுங்க" என்று, அதே இசையின், மறுபடி வெளிவந்திருந்த விரிசலில்லாத தட்டைப் போட்டுக் காட்டினான். பாக்கி சிரித்தார். அன்று ஆணியில் மாட்டிய பிடிலைப் பிறகு எடுக்கவே இல்லை.

"நான் ஒண்ணு வாசிக்கட்டுமா, அக்கா?"

"எதை? சரியா இருக்கிறதையா?"

அவன் தலை குனிந்தான். "அன்னிக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"இருந்திருக்கலாம்."

ஜோசி குறுக்கே வந்தாள். "சாவு வீட்டுக்கு வந்தவனை வாசல்ல நிக்க வெச்சா உங்கப்பனே எழுந்து வந்து திட்டுவான். உள்ள விடுடி. குளிரு வேற கொல்லுது."

டிம்னா விலகி நின்றாள்.

அவன் சவப்பெட்டியருகே அமர்ந்து வாசித்தான். அதே மெட்டு. அந்த இடம் நெருங்க நெருங்க டிம்னா தேநீர்க் கூஜாவின் பிடியை இறுக்கினாள்.

வில் தாண்டியது.

பெஞ்சுகளின் கீழே ஊராரின் சேறு காயாத பூட்ஸுகள் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன. ஜோசி இடுப்பில் கட்டிய ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாவி, அப்படியே பழகியிருக்கானே."

டிம்னா வழிந்து ஆறிப்போன தேநீரைக் கொட்டினாள். சூடாக வேறு ஊற்றி, ஃபின்டனின் கைக்கு எட்டும்படி, அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள்.