சுவரில் மூன்று சட்டை வால்கள்

எங்கள் வேட்டைக் குடிசைச் சுவரில் மூன்று சட்டை வால்கள் ஆணியில் தொங்கின. மூன்றும் என்னுடையவை. லவாகா ஆற்றோரத்தில் மானைச் சுட்டுக் குறி தவறியவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி, பெயரெழுதிச் சுவரில் அடிப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் அந்தக் கத்திரி அல்பினா அத்தையின் பொறுப்பு. இறைச்சி அடைத்த சாசேஜ் குழல்களைக் கட்டும் நூலை வெட்டுவதும் அதே கத்திரிதான்.

என் அண்ணன் எமிலின் துணி ஒரு முழம்கூட அந்தச் சுவரில் இல்லை. அந்தப் பருவத்தில் அவன் வீழ்த்திய கலைமானின் கொம்புகளுக்கு இடையே பத்தொன்பது அங்குலம். இடையில் தன் தொப்பியை வைத்துப் படமெடுத்து, தேவாலய வாசல்வரை கொண்டுபோய்க் காட்டினான்.

"நீயும் ஒண்ணு அடிச்சுட்டு வா டார்லீன். என்னோடத ஜெயிச்சா உன் மூணு துணியையும் நானே பிடுங்கித் தர்றேன்."

"அதோட உன் சட்டையும் போகணும்."

"போகட்டும். தோத்தா நாலாவது வால் உன்னுது."

"ரெண்டு பேரும் நல்ல சட்டை போட்டுட்டு வாங்க, கத்திரி மொண்ணை" என்றாள் அத்தை.

பருவத்தின் கடைசி மாலை, நான் ஓடைக்கரைப் பரணில் ஏறினேன். எமிலும் கூடவே ஏறினான். சட்டப்படி ஒரு பருவத்துக்கு அகலக் கொம்பன் ஒருவருக்கு ஒன்றுதான் என்பதால் அவனிடம் துப்பாக்கி இல்லை. வாய் மட்டும் இருந்தது.

எங்கள் மாவட்டத்தில் கிளைவிட்ட கொம்பு என்றால், உள்ளகலம் பதின்மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் சுடக்கூடாது. உயிரோடு நிற்கும் மானிடம் யார் அளவுநாடாவைக் கொண்டுபோவது? அதற்குத்தான் காதுகள். மான் உஷாராகக் காதுகளை விறைத்து நிற்கும்போது, ஒரு காதுநுனியிலிருந்து மறு காதுநுனிவரை ஏறக்குறைய அந்தப் பதின்மூன்று அங்குலம்தான். மான் தன் அளவுகோலைத் தலையிலேயே சுமந்து திரிகிறது. காதை மடக்கிக்கொண்டால் மட்டும் அந்தக் கோல் பயன்படாது.

சோளம் இறைத்த இடத்தில் ஒரு குட்டிக் கொம்பன் மேய்ந்துகொண்டிருந்தது. புதரை விலக்கிக்கொண்டு பெரியது ஒன்று வந்தது. குட்டியைக் கண்டதும் எரிச்சலில் காதுகளைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, எங்களுக்கு நேர்முகமாக நின்றது.

"சுடு, சுடு. போயிடப் போகுது."

"காது மடங்கியிருக்கு அண்ணே. பதிமூணு இருக்கான்னு தெரியல."

"எப்படியும் என்னோடதுல பாதிதான். கூடைய கவுத்த மாதிரி ஒடுங்கிக் கிடக்கு."

அவன் சொன்னது தப்பில்லை. முன்னாலிருந்து பார்த்தால் அகலம்தான் தெரியும். ஆனால் கொம்பின் மதிப்பில் அகலம் ஒரே ஒரு எண். இரண்டு நடுத்தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் உயரம், தண்டின் பருமன் எல்லாவற்றையும் அதோடு கூட்ட வேண்டும். அவற்றைப் பார்க்க மான் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்.

நாக்கை மேலண்ணத்தில் தட்டி மெல்லச் சொடுக்கினேன். மான் தலையைத் தூக்கியது. காதுகள் இரண்டும் விரிந்து நின்றன. இருபுறமும் காதுநுனியைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியேதான் கொம்பின் உள்விளிம்பு. சட்டப்படி சுடலாம். பிறகு அது சந்தேகத்தோடு ஓடைப் பக்கம் திரும்பியது.

நடுத்தண்டு மூக்குநுனிவரை முன்னால் வளைந்திருந்தது. அதன்மேல் கிளைகள் வேலிக்கம்பு நட்டதுபோல் வரிசையாக எழுந்து நின்றன. உயரமான கிளை காதைவிட நெடிது.

"அடேயப்பா" என்றான் எமில், தன்னை மறந்து.

முன்பு மூன்று முறையும் இந்தக் கட்டத்தில்தான் தோற்றேன். கொம்பைப் பார்த்துக்கொண்டே சுட்டால் குண்டும் கொம்பின் பக்கமே போகும். இந்த முறை, போதும், கொம்பைப் பார்த்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோளுக்குப் பின்னால் இருந்த ஒரு மயிர்ச்சுழியை மட்டும் பார்த்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்தினேன்.

மான் நாலு தாவலில் ஓடை மணலில் சாய்ந்தது.

குடிசை முற்றத்தில் அத்தை அளவுநாடாவை எடுத்தாள். முதலில் அகலம்: பதினாலரை. எமில் கைதட்டினான். "கத்திரிய எடு அத்தை!"

"பொறுடா. நாடா இன்னும் பாக்கி இருக்கு."

தண்டுகளை அளந்தாள். கிளை கிளையாக அளந்தாள். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லச் சொல்ல எமிலின் கைதட்டல் நின்றது, பிறகு சிரிப்பும் நின்றது. அவனுடைய அகலக் கொம்பில் கிளைகள் விரல்போல் குட்டை. எல்லாம் கூட்டினால் மொத்தம் நூற்றுப் பதினைந்து அங்குலம். என்னுடையது நூற்று நாற்பத்தெட்டு.

"மறுபடி கூட்டிப் பாரு அத்தை."

"கூட்டினேன். திரும்பி நில்லுடா."

"இது புதுச் சட்டை!"

"அதான் நல்லா வெட்டுது."

எமில் சொன்ன சொல் தவறவில்லை. அரைச்சட்டையோடு குடிசைக்குள் போய் என் மூன்று துணிகளையும் தானே பிடுங்கினான். ஆணிகளை என் உள்ளங்கையில் கொட்டினான். அவற்றில் நேராக இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, அவன் பெயர் எழுதிய துணியை நடுச்சுவரில் வைத்து அடித்தேன்.

"கொஞ்சம் மெதுவா அடியேன்" என்றான்.

இன்னும் இரண்டு அடி ஓங்கி அடித்தேன்.