பதினேழு தடவை

ஜெகதீஸ்வரி தொட்டியிலிருந்து ஒரு கை கூழை அள்ளிப் பிழிந்து வெளிச்சத்தில் பார்த்தாள். பழைய பேப்பர் இவ்வளவு வெளுக்கும் என்று சுங்கை பினாங்கு ஆற்றோரத்து அந்த மில்லில் முன்பு யாரும் நம்பியதில்லை. வெளுக்கும் மருந்தை மொத்தமாகக் கொட்டாமல், கூழை ஆறவிட்டு ஆறவிட்டு மூன்று தடவையாக ஊற்றுவது அவளுடைய முறை. அதே முறையைத் தங்கள் கண்டுபிடிப்பாக முன்பே பேட்டண்ட் பதிந்து வைத்திருந்த வேறொரு கம்பெனி, இப்போது மில்மேல் வழக்குப் போட்டிருந்தது.

அவளிடம் விசாரிக்க மில்லின் வக்கீல் வருகிறார் என்றதும் தலைகால் புரியவில்லை. தீபாவளிக்கு எடுத்த புது பாஜு உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

மேனேஜர் மோகனராஜின் அறையில் வக்கீல் அர்ச்சனா, அவள் பெயரில் எழுதி வந்திருந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினாள். "நான் ஆறாம் வகுப்பு படிச்ச, தனித்திறமை எதுவும் இல்லாத சாதாரணத் தொழிலாளி. எனக்கே இது சுலபமாத் தோணிச்சு." தாளிலிருந்து நிமிர்ந்தாள். "இதான்க்கா நம்ம கேஸ். யாருக்கும் தோணுறதுக்குப் பேட்டண்ட் கொடுக்க முடியாது."

"சுலபமா இல்லைங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. பதினேழு தடவ கெட்டுப்போச்சு லா." ஜெகதீஸ்வரி பெருமையோடு பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். "ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கேன்."

அர்ச்சனா நோட்டைத் தொடவில்லை. "நான் எதையும் பாக்கல," என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"யாருக்கா உங்கள இத கேட்டா?" மோகனராஜ் குரலைத் தாழ்த்தினான். "கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதுன்னு தெரிஞ்சா அவங்க ஜெயிச்சிருவாங்க. மில்ல மூடணும். நாப்பது பேரு, அக்கா."

அவளுக்கு முகம் எரிந்தது. ஏதோ திருடி மாட்டிக்கொண்டவளைப் போல நோட்டைப் புடவைக் கடைப் பைக்குள் திணித்தாள். நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். காலையில் எல்லோரிடமும் 'என் முறையைக் கேக்க வராங்க' என்று சொல்லித் திரிந்தது நினைவுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"லாயர் என்ன சொன்னாங்க?" தொட்டியருகே நின்ற, கூட வேலை பார்க்கும் நூருல் ஆவலாகக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல லா. சும்மா."

நூருல் சாப்பிடப் போனதும் நோட்டை நாலாகக் கிழித்துத் தொட்டியில் போட்டாள். கூழ் சுழன்றது. கொஞ்ச நேரம் நீல மசி கலங்கித் தெரிந்தது. அவள் வழக்கம்போல் மருந்தை ஊற்றினாள், ஆறவிட்டாள், மறுபடி ஊற்றினாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்தாள்.

நல்ல வெள்ளையாக வந்திருந்தது.