நூற்று முப்பத்தொன்றில் யார் பங்கு எவ்வளவு

எடைக்காரம்மா எந்தத் தராசில் ஏறி நின்றாலும் முள் பூஜ்யத்தை விட்டு நகராது. காற்றில் மிதந்தார் என்றெல்லாம் யாரும் கிளப்பிவிட வேண்டாம். மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் அது முனகும், ஈரத்தரையில் பாதம் பதியும். தராசு மட்டும், சம்பந்தம் முறிந்த வீட்டாரைக் கடைத்தெருவில் பார்த்தது மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எட்டு வருஷமாக இப்படித்தான். பஸ் நிலையத்து இயந்திரம் அவர் போட்ட காசை விழுங்கிவிட்டு வெற்று அட்டையைத் துப்பியது. அவரும் அதை எடுத்துப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் வேடிக்கை, அவருடைய உத்தியோகமே எடை போடுவதுதான். ஊருக்கு வெளியே வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் செத்த நட்சத்திரங்களை நிறுத்துக்கொண்டிருந்தார். பல்சர் என்று அதற்குப் பெயர். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்து ஓய்ந்தபின், மிச்சம் ஓர் ஊர் அளவுக்குச் சுருங்கிப் பம்பரமாகச் சுழலும். சுற்றுக்கு ஒரு தரம் ‘டிக்’ என்று வானொலி அலையில் குரல் கொடுக்கும். ஒண்டிக்கட்டையாகத் திரியும் பல்சரை எந்தக் கொம்பனாலும் நிறுக்க முடியாது. அதற்கு ஒரு ஜோடி வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும்போது அந்தப் பாதையே மெல்லத் திரும்பும். திரும்பும் வேகத்தை வைத்து இரண்டின் மொத்த எடையைச் சொல்லிவிடலாம். அதில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில்தான் பாடு. டிக் குரல் ஜோடியை உரசிக்கொண்டு வரும்போது ஒரு துளி தாமதமாகும். ஜோடி எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதம். அந்தத் துளியைப் பிடிக்கத்தான் சம்பளம்.

அந்தப் பங்கு பிரிப்பில் எடைக்காரம்மாவுக்கும் எதிர் அறைக்காரருக்கும் தகராறு. எதிர் அறைக்காரரை நிலையத்தில் தசமம் என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகப் பெற்ற தாயோடும் சண்டைக்குப் போகிறவர். குறிப்பிட்ட ஒரு ஜோடியின் மொத்த எடை இரண்டு புள்ளி ஆறு சூரியன் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு. அதில் பல்சருக்கு ஒன்று புள்ளி நான்கு என்பார் எடைக்காரம்மா; ஒன்று புள்ளி மூன்றுதான், ஜோடிக்கும் அதேதான் என்பார் தசமம். காலையில் அவர் இவருடைய அறை வாசலில் நின்று வாதாடுவார். சாயங்காலம் இவர் அவருடைய வாசலில். ‘சார்’, ‘மேடம்’ என்ற மரியாதை குறையாத சண்டை. கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். இதற்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்தது. தசமம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அவருக்குப் பின்னாலிருந்து ஆபீஸ் பையன் சொல்வது எடைக்காரம்மாவுக்கு அரை விநாடி தள்ளித்தான் கேட்கும். பையனுக்கு வாய் மந்தம் என்று அவர் எட்டு வருஷமாக நினைத்திருந்தார். பையனுக்கு அதற்குள் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். ஊரிலேயே வேகமாகப் பேசுகிறவன் அவன்தான்.

அப்புறம் பித்தப்பையில் கல் வந்தது. வலி வந்தால் எடைக்காரம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நட்சத்திரங்களை மறந்துவிடுவார். உடனே எடுத்தாக வேண்டும், விட்டால் பை வெடித்துவிடும் என்றார்கள். தம்பியும் தம்பி மனைவியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே மயக்க மருந்து டாக்டரம்மா தராசைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார்.

“எடை தெரியாம நான் மருந்து குடுக்க மாட்டேன்மா. குறைஞ்சா நடுவுல முழிச்சுக்குவீங்க. கூடுனா முழிக்கவே மாட்டீங்க.”

“கண்ணால பார்த்து ஒரு குத்துமதிப்பா போட முடியாதா டாக்டர்?” என்றார் தம்பி.

“நான் என்ன பூசணிக்காயா வாங்குறேன்?”

தம்பி அக்காவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தார். எழுபத்தெட்டு காட்டியது. எல்லோருக்கும் உயிர் வந்தது. அக்காவை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினார். அப்போதும் எழுபத்தெட்டுதான். “போன வாரம் எழுபதுன்னீங்களே!” என்று தம்பி மனைவி ஆரம்பிக்க, அந்த வார்டில் அது தனிக் கதையாக ஓடியது. நர்ஸ்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள், நிலையத்து டைரக்டர் என்று யார் யாரோ எடைக்காரம்மாவைத் தாங்கிப் பார்த்தார்கள். தராசு அவரவர் எடையைத்தான் சொன்னது. இதற்குள் வலி இரண்டு தரம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் தசமம் வந்தார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் பழம் வாங்கி வருவார். இவர் புது வரைபடம் ஒன்றோடு வந்து, நடைபாதையில் வேறு இடமே இல்லாதது போலத் தராசு மேடையிலேயே ஏறி நின்றுகொண்டு, “மேடம், இந்த வளைவைப் பாருங்க, ஒன்னு புள்ளி மூணேதான்” என்றார். எடைக்காரம்மாவுக்கு வந்த கோபத்தில் வலி மறந்தது. அவரும் மேடையில் ஏறி, “எங்க சார் வளைவு? இது நெளிஞ்ச கம்பி” என்று படத்தில் விரலால் குத்தினார். கீழே ‘டங்’ என்றது. முள் நூற்று முப்பத்தொன்றில் நின்றது.

தசமம் இறங்கினார், பூஜ்யம். எடைக்காரம்மா இறங்கி அவர் ஏறினார், பூஜ்யம். தசமம் காது மடல் சிவக்க ஒத்துக்கொண்டார். தனக்கும் எட்டு வருஷமாக இதே கதைதான், மிஷின் ரிப்பேர் என்று நினைத்து வீட்டுக்கு மூன்று தராசு வாங்கியாகிவிட்டது. தம்பி மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, அவருக்கு அடுத்த ஆபரேஷன் காத்திருந்தது. “மொத்தம் சரி. இதுல இந்தம்மா பங்கு எவ்வளவு?”

“அறுபத்தஞ்சு இருக்கும்” என்றார் தசமம்.

“கண்ணு போட்டுட்டீங்களா சார்? அம்பத்தஞ்சு.”

பத்து கிலோ வித்தியாசத்தில் ஓர் ஆளைத் தூங்க வைக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் இரண்டு பேருக்கும் தொழில் ஞாபகம் வந்தது. வார்டு கோடியில், கால் முறிந்த லாரி டிரைவர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய நாடி தலைமாட்டு மிஷினில் ‘பீப் பீப்’ என்று ஒரே சீராக அடித்தது. அதற்கு நேர் எதிரே, இருக்கிற இடத்தில், எடைக்காரம்மாவும் தசமமும் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி ஒருவரையொருவர் சுற்ற ஆரம்பித்தார்கள். அவர் குறுக்கே வரும்போதெல்லாம் இவருக்குப் பீப் தாமதமாகக் கேட்டது. இவர் குறுக்கே போகும்போது அவருக்கு. தன் எடையைத் தானே பார்க்க வழியில்லை, அடுத்தவருடையதைத்தான் பார்க்க முடியும். தள்ளிச் சுற்றினால் தாமதம் பிடிபடாது என்பதால் உரசுகிற மாதிரிதான் சுற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி நீல அங்கியில் ஓர் அம்மாளும் முழுக்கைச் சட்டையில் ஓர் ஆளும் மத்தியானம் முழுக்கச் சுற்றியதை வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. நடுவில் டிரைவர் விழித்து, “ஐயோ, எனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டதில் நாடி எகிறி, கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

கடைசியில் எடைக்காரம்மா, “சார் எழுபத்திமூணு” என்றார். தசமம், “மேடம் அம்பத்தெட்டு புள்ளி...” என்று தொடங்கி நிமிர்ந்தார். எடைக்காரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்தார், நெற்றியில் வேர்வை. தசமம் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விழுங்கிவிட்டு, “அம்பத்தெட்டு. சரியா அம்பத்தெட்டு. ஆரம்பிங்க டாக்டர்” என்றார். தசமத்தோடு வந்திருந்த ஆபீஸ் பையன் இதை நேரில் பார்த்து நிலையத்தில் வந்து சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஏறினால்தான் முள் நகரும் என்பதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

தசமம் வெளியே போனால் எடையும் கூடவே போய்விடுமே, அப்புறம் எந்த எடைக்கு மருந்து கொடுப்பது என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆகவே அவருக்கும் தொப்பி, முகமூடி மாட்டி, எதையும் தொடக் கூடாது, சுற்றக் கூடாது என்று சொல்லி, கட்டிலின் தலைமாட்டில் நிற்க வைத்தார்கள். மருந்து கச்சிதமாக வேலை செய்தது. எடைக்காரம்மா சொன்ன நேரத்துக்குக் கண் விழித்து, தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்து, “ஒன்னு புள்ளி நாலு” என்றார். “முதல்ல தண்ணி குடிங்க மேடம்” என்றார் அவர்.

ஒரே வீட்டுக்கு அவர்கள் குடி போனது மறுவருஷம். வானத்து ஜோடியின் பங்கு இன்றுவரை பிரியவில்லை. காலைச் சண்டை இப்போது சமையலறையில், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியில் எடைக்காரம்மாவின் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து வருவார்கள். நர்ஸும் எதுவும் கேட்காமல் நகர்ந்து மேடையில் இடம் விடுவாள். போன தடவை நூற்று முப்பத்துநான்கு.

“மூணு கிலோ ஏறியிருக்கே, யாரு?” என்றார் அந்த வழியாகப் போன டாக்டரம்மா.

“இவர்தான்” என்றார் எடைக்காரம்மா. “இவங்கதான்” என்றார் தசமம்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.