மிஸஸ் பிரெவிட்டின் வயலில் கிடைத்த காசு

நெவில் டாப்ஸலுக்கு முதல் நாள் வயல் முழுக்கப் புதையலாக இருந்தது. கால் எடுத்து வைத்த இடமெல்லாம் மெட்டல் டிடெக்டர் கூவியது. தோண்டினார், ஒன்றுமில்லை. நகர்ந்து நின்றார், மறுபடி கூவியது, மறுபடி தோண்டினார். அறுவடை முடிந்த வயலில் அங்கங்கே குழி விழுந்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. போட்டிருந்த பூட்ஸின் முனையில் இரும்புத் தகடு. இத்தனை நேரமும் தன் கால்விரலைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

விஷயத்தைக் கேட்ட வயலின் சொந்தக்காரி மிஸஸ் பிரெவிட் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். அப்படிச் சிரித்து நாளாகியிருக்க வேண்டும், நடுவில் இருமல் வந்துவிட்டது.

"முயலுங்க பண்ற அநியாயம் போதாதுன்னு நீங்க வேறயா, மிஸ்டர் டாப்ஸல்? குழியெல்லாம் மூடிட்டு உள்ள வாங்க, டீ போடறேன். என்ன கிடைச்சாலும் கொண்டாந்து காட்டணும், தெரியும்ல? அதான் வழக்கம்."

அந்த வழக்கத்துக்காகவே நெவில் மறுநாள் புது ரப்பர் பூட்ஸ் வாங்கினார்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் வீடு வீடாகக் கம்பளம் விரித்தே முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டவர் அவர். ஓய்வு பெற்ற அதே வருஷம் மனைவி கிளெனிஸ், தங்கச்சியோடு ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போனாள். தங்கச்சி மட்டும் திரும்பி வந்தாள், கிளெனிஸ் அங்கேயே தங்கிவிட்டாள். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ஆனால் ஒற்றை ஆள் காரணமே இல்லாமல் வயல் பக்கம் நடந்தால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது. கையில் ஒரு கருவி இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் மெட்டல் டிடெக்டர் வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கருவியைவிடப் பெரிய சமாசாரம் அனுமதி என்று. வயல்காரர் வாயால் சரி சொல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பண்ணை பண்ணையாகப் போய்க் கதவைத் தட்டினார். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒருவர் ஏற்கெனவே வேறு ஆள் வருகிறார் என்றார். இன்னொருவர் எதுவும் பேசாமல் நாயை அவிழ்த்துவிட்டார். மிஸஸ் பிரெவிட் மட்டும்தான், "எந்த வயல் வேணும்?" என்று கேட்டார்.

அப்புறம் நாள் தவறாமல் போனார். சாயங்காலம் மிஸஸ் பிரெவிட்டின் அடுப்படி மேஜையில் பழைய பேப்பரை விரித்து, அன்றைக்கு வயல் கொடுத்ததைப் பரப்புவார். தோட்டாவின் பித்தளை மூடி, பீர் டப்பாவின் வளையம், துருப்பிடித்த ஆணி, சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாள். ஆரம்பத்தில் மிஸஸ் பிரெவிட் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். "இன்னிக்கும் ராஜா கிரீடம் இல்லையா?" என்று வம்புக்கு இழுத்தார். போகப் போக எடுப்பது நின்றது. பிறகு ஒரு நாள் கெட்டிலை வைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்த வயல்ல ஒண்ணுமில்ல, மிஸ்டர் டாப்ஸல். உங்க முழங்காலை வச்சுக்கிட்டு எதுக்கு இந்த அலைச்சல்? வீட்ல நிம்மதியா இருங்களேன்."

அக்கறையில் சொன்ன பேச்சுதான். நெவிலின் காதில் அது கதவைச் சாத்தும் சத்தமாக விழுந்தது. நிம்மதியா இருங்களேன் என்றால் எந்த வீட்டில் இருப்பது? டி.வி. மட்டும் பேசுகிற வீட்டிலா?  வீட்டுக்குப் போனதும், ரோமானியர் ஒரு காலத்தில் ஆண்ட நாடுதானே என்று, இணையத்தில் மண் கழுவாத ரோமானியக் காசுகள் ஒரு பொட்டலம் வாங்கினார். தேநீர்ப் பொட்டலத்தைவிட மலிவாகக் கிடைத்தது. அதில் முகம் ஓரளவு தெரிகிற ஒன்றை எடுத்து மிஸஸ் பிரெவிட்டின் வயல் மண்ணைப் பூசி, ஆணிகளுக்கு நடுவே பேப்பரில் வைத்தார்.  

"ஐயோ! மனுஷன் தலை!" என்று கண்ணாடியைத் தேடினார் மிஸஸ் பிரெவிட். "எங்க வீட்டுக்காரர் ஆர்தர் நாப்பது வருஷம் இது மேலதான் டிராக்டர் ஓட்டியிருக்கார். பாவி மனுஷர், குனிஞ்சு பார்த்திருக்கப்படாதா?"

அன்றைக்கு டீயோடு உலர்ந்த திராட்சை போட்ட பிளம் ரொட்டியும் சீஸும் வந்தன. இரண்டாவது கோப்பையும் வந்தது. செத்துப்போன ஆர்தரின் கதை வந்தது, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் ரஸலின் சின்ன வயசுக் கதை வந்தது. இருட்டிய பிறகுதான் நெவில் கிளம்பினார். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். ஆணியைக் கொண்டுபோனாலும் மரியாதை இருந்தது. பொய் சொல்லிவிட்டோமே என்று வழியெல்லாம் உறுத்தும். மேஜையில் உட்கார்ந்ததும் உறுத்தல் போய்விடும்.

கிடைத்த பழம்பொருளை அருங்காட்சியகத்தில் காட்டிப் பதிய வேண்டும் என்று யாரோ மிஸஸ் பிரெவிட்டிடம் சொல்லிவிட்டார்கள். நெவில் சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. மிஸஸ் பிரெவிட் தானே பஸ் ஏறிப் போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். பதிவு அதிகாரி இமோஜன், சின்னப் பெண், சில நாள் கழித்து நெவிலை அங்கே வரச் சொன்னாள்.

"மிஸ்டர் டாப்ஸல், தப்பா எடுத்துக்காதீங்க. இது பல்கேரியாப் பக்கம் புழங்கின காசு. உள்ள இறுகியிருக்கிற மண்ணும் நம்ம ஊர் மண்ணு இல்ல. எனக்கு இந்த மாதிரி நிறைய வருது. வாங்கினதா?"

நெவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆமா."

"அப்ப நான் பதியல. பதிஞ்சா நாளைக்கு எவனாவது அங்க ரோமானிய ஊரே இருந்துச்சுன்னு எழுதிடுவான். அந்தம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில், இமோஜனிடம் திரும்ப வாங்கிய காசோடு மிஸஸ் பிரெவிட் வீட்டுக்குப் போனார். காரிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்த வாக்கியமெல்லாம் அடுப்படி வாசலில் மறந்துபோனது. பேப்பரை விரிக்காமல், வெறும் மேஜையில் காசை வைத்தார்.

"இது உங்க வயல்ல கிடைக்கல. நான் காசு குடுத்து வாங்கினது."

மிஸஸ் பிரெவிட் கோபப்படுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்திருந்தார். அவரோ குழாயைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். நிரம்பி வழிந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏன் செஞ்சீங்க?"

"வெறுங்கையோட வந்தா, எத்தனை நாளைக்குத்தான் உள்ள விடுவீங்கன்னு..."

 மிஸஸ் பிரெவிட் குழாயை மூடிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் தழைந்திருந்தது.

"ரஸல் இப்ப வாரா வாரம் கூப்பிடறான். இந்தக் காசு வந்ததுலேர்ந்து. அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, என் பொறந்தநாளைக்கு ஒண்ணு. அதுவும் போன வருஷம் பொறந்தநாள் மறந்துடுச்சு. இப்ப என்னடான்னா, 'ஒரு காசு இருந்தா பக்கத்துலயே ஒரு பானை நிறையக் காசு இருக்கும்மா, அந்தாளை விட்டுடாத, பாதி நமக்கு வரணும்'ங்கறான்."

மிஸஸ் பிரெவிட் காசை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவன் பானைக்காகத்தான் கூப்பிடறான்னு எனக்குத் தெரியாதா, மிஸ்டர் டாப்ஸல்? கூப்பிடறான்ல?"

 உலகத்திலேயே தனியாகக் கிடப்பது தான் ஒருவர்தான் என்பது போல இத்தனை நாளும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தோமே என்று நெவிலுக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் கூடத்தில் ஃபோன் மணி அடித்தது.

மிஸஸ் பிரெவிட் எழுந்தார். தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார். இந்த வயசில், ஃபோனில் பேச. ரிஸீவரை எடுத்தபோது அவருக்கு வேறு குரல் வந்திருந்தது, பத்து வயசு குறைந்த குரல்.

"சொல்லுடா ராஜா... நல்லா இருக்கேன், எனக்கென்ன... இல்லடா, இன்னும் பானை அம்புடல. அவர் விடற ஆளா? இந்தக் குளிர்லயும் தேடிக்கிட்டேதான் இருக்கார்... ஆமாடா, இப்பக்கூடத்தான். ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே பேசறேன்."

சொல்லும்போது அவர் நெவிலைப் பார்க்கவில்லை. காசு மேஜையிலேயே கிடந்தது.

நெவில் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு எழுந்தார். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காரிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.  கூடத்து ஜன்னலுக்கு நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, கருவியைத் தரையோடு தரையாக வைத்து, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு நடந்தார். அந்த அம்மாள் மகனிடம் சொன்னதில் இந்த ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும் என்று, அவர் ஃபோனை வைக்கும் வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தார்.