டாக்டர் போன பிறகு வந்த ரிப்போர்ட்

எங்கள் மருத்துவமனையில் யாராவது வேலையை விட்டுப் போனால், வழியனுப்பு விழாவில் அவர்கள் கேக் வெட்டி முடிப்பதற்குள் நான் அவர்களுடைய லாகினை மூடியிருப்பேன். அதனால் எனக்குப் பூட்டு என்று பெயர். கேண்டீனுக்குள் நுழைந்தாலே நர்ஸ்கள், "பூட்டு வராருடி, சீக்கிரம் சாப்பிட்டு எந்திரி, தட்டையும் மூடிடுவாரு" என்பார்கள். முறைப்பது போல முறைத்தாலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான். முன்பு ஒரு முறை, வேலையை விட்டுப்போன ஒருவருடைய லாகினில் வேறு யாரோ நுழைந்து மருந்துச் சீட்டு போட்டு, அது பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து, ஆள் போன அன்றைக்கே மூடிவிட வேண்டும் என்று விதி. நான் ஒரு மணி நேரத்துக்குள் மூடுவேன். விதியைவிட ஒரு படி மேலே இருப்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

கம்ப்யூட்டர் உதவிப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். ஜன்னல் இல்லாத அறை, பக்கத்தில் போர்வை துவைக்கும் கூடம், நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம். இருபது வருடமாக அங்கே உட்கார்ந்து போன் எடுக்கிறேன். ஸ்கிரீன் கறுப்பாக இருக்கிறது என்பார்கள். நான்கு மாடி ஏறிப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வருவேன். பதினோரு வருடம் படித்த டாக்டர் தன் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டிவைத்திருப்பார். கிழித்துப் போட்டுவிட்டு வருவேன். உயிர் காக்கும் இடத்தில் வேலை என்று வெளியே சொல்லிக்கொள்வேனே தவிர, நான் காப்பாற்றியதெல்லாம் பிரிண்டர்களைத்தான்.

அக்கா விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அக்கா பிழைக்க மாட்டாள். அதற்குக் காரணம் நான். கேட்டு முடித்த பிறகு உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால், அது உங்கள் பெருந்தன்மை.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் நிற்கிறாள். நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டும் மெஷின் அவள் கையில்தான். போன வருடம் ஒரு நாள் போன் செய்தாள்.

"உங்க ஆஸ்பத்திரில பொம்பள டாக்டர் இருக்காங்களாடா? ஆபரேஷன் பண்றவங்க?"

"இருக்காங்க. யாருக்குக்கா?"

"எனக்குத்தான். ஒரு கட்டி மாதிரி இருக்கு."

"எங்க?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு. நேரம் மட்டும் வாங்கிக் குடு."

புரிந்துவிட்டது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கா தம்பி என்றால் சில விஷயங்களைப் பேசுவதில்லை. மறுநாளே நேரம் வாங்கிக் கொடுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஊசி போட்டுத் துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வர இரண்டு வாரமாகும், வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் டாக்டரம்மா வேறு மருத்துவமனைக்கு மாறிவிட்டார். வார்டில் படுத்திருந்தவர்களை எல்லாம் இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னிடம்கூட வந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய கார் வாசலைத் தாண்டிய ஒரு மணி நேரத்தில் நான் லாகினை மூடினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

முன்பெல்லாம் ரிப்போர்ட் காகிதமாக வரும். பரிசோதனைக் கூடத்து ஆள் கையில் கொண்டுவந்து டாக்டர் மேசைமேல் வைப்பார். டாக்டர் இல்லாவிட்டாலும் காகிதம் அங்கே கிடக்கும், யார் கண்ணிலாவது படும். காகிதத்தை ஒழித்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது ரிப்போர்ட் நேராக, பரிசோதனை எழுதிய டாக்டரின் லாகினுக்குள் போய் விழும். அவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் நர்ஸ் நோயாளியைக் கூப்பிடுவார். லாகினை மூடுகிறவன், இனிமேல் வரும் ரிப்போர்ட்டெல்லாம் யாருக்குப் போக வேண்டும் என்று இன்னொரு டாக்டரின் பெயரைப் போட்டுவிட்டு மூட வேண்டும். நான் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆள் உள்ளே நுழைய முடியாதபடி மூடினேன், அவ்வளவுதான் என் வேலை என்று நினைத்தேன்.

அக்கா என்னிடம் மூன்று முறை கேட்டாள். முதல் முறை போனில். "ஒண்ணும் சொல்லலையேடா இன்னும்?" இரண்டாவது முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். மூன்றாவது முறை மறுபடியும் போன். "நீ அங்கதான இருக்க, ஒரு எட்டுப் பாத்துச் சொல்லேன்."

"சொந்தக்காரங்க ரிப்போர்ட்ட நான் தொறக்கக் கூடாதுக்கா. எதாவது இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க. கூப்பிடலைன்னா நல்ல சேதின்னு அர்த்தம்."

"அப்ப சரி" என்றாள். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

சொந்தக்காரர்களின் ரிப்போர்ட்டைத் திறக்கக் கூடாது என்பது உண்மை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த வகுப்பை எடுப்பதே நான்தான். ஆனால் டாக்டரம்மாவின் பிரிவில் இருந்த நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன ரிப்போர்ட் என்று அவர் கேட்பார், மார்பு என்று நான் சொல்ல வேண்டிவரும், அது எனக்குக் கூச்சமாக இருந்தது. நேர்மை, விதி என்பதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்தது வெறும் கூச்சம்.

ஒன்பது மாதம் ஓடியது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆவணப் பிரிவு அம்மா போன் செய்தார்.

"தம்பி, இங்க ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. பஸ் ஓட்டினவராம். போன வருஷம் குடுத்த டெஸ்டுக்கு ரிப்போர்ட் எங்கன்னு கேக்கறாரு. லேப்ல கேட்டா அப்பவே அனுப்பிட்டோம்கறாங்க. அந்த டாக்டரம்மா போயிட்டாங்க. எங்கதான் போச்சு அது?"

"பாத்துச் சொல்றேம்மா" என்று சாவகாசமாகத்தான் சொன்னேன். மூடிய லாகினைத் திறந்தேன். படிக்காதவை அறுபத்தொன்று என்று காட்டியது. எல்லாமே டாக்டரம்மா போன பிறகு வந்தவை. சிலர் பொறுமை இழந்து வேறு டாக்டரிடம் போய் மறுபடி பரிசோதனை செய்துகொண்டிருக்கலாம். மற்றவர்களெல்லாம் போன் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். கிணற்றில் போட்ட கல் மாதிரி அத்தனையும் உள்ளே கிடந்தன. ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினேன். யார் பெயரைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. முப்பத்தெட்டாவது வரியில் அக்கா இருந்தாள்.

திறந்தேன். இருபது வருடம் வகுப்பெடுத்த விதியை யோசிக்கக்கூட இல்லை. புற்றுநோய் என்று அவர்கள் நேராக எழுத மாட்டார்கள். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு, எனக்கு அது பழக்கம்தான். கீழே, நோயாளியை உடனே வரவழைக்கவும் என்று ஒரு குறிப்பு. தேதியைப் பார்த்தேன். லாகினை மூடிய நாலாம் நாள்.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. எதற்கும் பதறாதவர், அதற்காகவே அந்த நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேல பேசிடறேன். லெட்டர் ரெடி பண்ணுவாங்க. அதுவரைக்கும் யாருக்கும் நாமளா எதுவும் சொல்லக் கூடாது. ரெண்டு நாள் ஆகும்."

"ஒம்பது மாசமாச்சு சார்."

"அதான் சொல்றேன். ஒம்பது மாசம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்ல என்ன ஆயிடப்போகுது."

நான் வெளியே வந்து, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினேன்.

தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினேன். அக்கா உடம்பெல்லாம் நூல் பிசிறோடு வந்தாள். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அந்தத் தோள்வலி இரண்டு மாதமாக இருந்தது எனக்குத் தெரியும். மெஷினைப் பிடித்துப் பிடித்து வந்த வலி என்று அவள் சொல்லியிருந்தாள், தைலம் தடவு என்று நானும் சொல்லியிருந்தேன்.

"என்னடா இந்நேரத்துல? யாருக்கு என்ன?"

"உன் ரிப்போர்ட் வந்திருக்குக்கா."

"இப்பவா?"

"அப்பவே வந்துடுச்சு. யாரும் பாக்கல. நான்தான்... நான் அந்த டாக்டரம்மாவோட லாகின மூடிட்டேன். அது உள்ளயே கிடந்திருக்கு."

அவளுக்கு லாகின் புரியவில்லை. என் முகம் புரிந்தது. "எவ்வளவு மோசம்?" என்று கேட்டாள். நான் வாசல் சுவரில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "மேஸ்திரி பாக்கறாரு, அழாத" என்றாள்.

அன்றைக்கே புது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரத்தில் எல்லாப் படமும் எடுத்துவிட்டார்கள். தோள் எலும்பில் இருந்தது, முதுகில் இருந்தது, ஈரலில் இருந்தது. டாக்டர், "அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், ஒரு வருடம் போகலாம், அதற்கு முன்னாலும் ஆகலாம் என்றார்.

மருத்துவமனையில் கூட்டம் போட்டார்கள். தனிப்பட்ட யாருடைய தவறும் இல்லை, நடைமுறையில் இருந்த ஓட்டை என்று எழுதினார்கள். என்னைத் திட்டுவார்கள், வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாகின் மூடும் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள்: 'இனி வரும் ரிப்போர்ட்டுகள் யாருக்கு?' அதை நிரப்பாமல் மூட முடியாதபடி நானே செய்தேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

நோயாளிகளுக்குக் கடிதம் போயிற்று. நிர்வாகக் காரணங்களால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று மூன்று வரி. அக்காவுக்கு வந்த கடிதத்தை மாமா பார்ப்பதற்குள் அவள் எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். லாரிக்குப் பாரம் ஏற்றும் கிடங்கில் மேற்பார்வை. வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. கல்யாணமான நாளிலிருந்து என்னைத் தம்பியாகவே நடத்தியவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். உள்ளே நுழையும்போதே அவர் குரல் கேட்டது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பத்தாவது படிக்கும் மகள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது மாசம். ஒரு டெஸ்ட் குடுத்துட்டு ஒம்பது மாசம் சும்மா இருந்திருக்கா. எங்கிட்டயும் சொல்லல. கேட்டா மறந்துட்டேங்கறா" என்றார் என்னைப் பார்த்ததும். "மறக்கற விஷயமாடா இது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "தண்ணி வேணும்" என்றாள். அவர் திட்டிக்கொண்டே தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.

"அக்கா, நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வாயத் தொறக்காத." கிசுகிசுத்தாள். "சொன்னா அவரு உன் மூஞ்சில முழிக்க மாட்டாரு. எனக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? தாய்மாமன் நீ ஒருத்தன்தான். இந்த வீட்டுக்கு நீ வரணும், போகணும்."

"அதுக்காக நீ திட்டு வாங்கணுமா?"

"வாங்கிட்டுப் போறேன். எத்தன நாளைக்கு."

மாமா தண்ணீரோடு வந்தார். டம்ளரை அவள் வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தார், உதட்டைத் துடைத்துவிட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"நீ அதே ஆஸ்பத்திரிலதான இருக்க. கூப்பிடு தூரம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இவ உங்கிட்ட கேட்டாளா? உண்மையச் சொல்லு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கல மாமா" என்றேன்.

"பாத்தியா?" என்று அவர் அவள் பக்கம் திரும்பி மறுபடி ஆரம்பித்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.