கொலைகாரன் டிரைவர் இல்லை என்று போடுங்கள்

1

பொறாமையில் பிறந்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

‘ஏழாவது கையுறை’ என்று ஒரு தொடர்கொலை நாவல். செல்போன் செயலி ஒன்றில் அத்தியாயம் அத்தியாயமாக வந்து சக்கைப்போடு போடுகிறது. கொல்லப்படுகிறவர்கள் எல்லாம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள். ஒவ்வொரு உடலுக்குப் பக்கத்திலும் ஒரு ரப்பர் கையுறை கிடக்கும். நானும்தான் வருடக்கணக்காக எழுதுகிறேன். என் புத்தகத்துக்கு வந்த வாசகர் கருத்துகளில் ஒன்று என் மைத்துனர் எழுதியது, மற்றொன்று அச்சுப்பிழைகளைப் பற்றியது. ஆகவே அந்த நாவலை நான் படிக்கவில்லை. அதற்கு வந்த கருத்துகளைத்தான் படித்தேன், வயிற்றெரிச்சலோடு, ஒன்று விடாமல்.

“நாலாவது கொலையிலேயே ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்” என்று எழுதாதவர் இல்லை. அது யார் என்று எழுதியவரும் இல்லை. “ரத்தம் போதவில்லை” என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். “என் மனைவி இதைப் படிச்சுக்கிட்டே குழம்பைத் தீய விட்டுட்டா. ஒரு நட்சத்திரம்” என்று ஒருவர். இவற்றுக்கு நடுவே, ஐந்து நட்சத்திரத்தோடு, கும்மிடிப்பூண்டியிலிருந்து சத்யா என்ற பெயரில் இது:

“நாவல் சூப்பர். ஆனா கொலைகாரன் டிரைவர் இல்லன்னு மொதல் பக்கத்துலயே போட்ருங்க சார். தயவு செஞ்சி.”

மர்ம நாவலின் முடிச்சை முதல் பக்கத்திலேயே அவிழ்க்கச் சொல்லும் வாசகியை நான் பார்த்ததில்லை. அந்தத் ‘தயவு செஞ்சி’ என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்யாவை எனக்குத் தெரியாது. கீழே வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள் வானத்தை நோக்கி—

[வேண்டாம். புகைபோக்கியில் தொடங்கினால் நாலு பக்கத்துக்கு அதையே எழுதிக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.]

அன்று எழுந்தபோது சத்யாவுக்குத் தன் வாழ்க்கை இன்றோடு—

[இதுவும் வேண்டாம். அந்த நாவல்காரர் இப்படித்தான் தொடங்கியிருப்பார்.]

பஸ்ஸில் தொடங்குகிறேன். பழவேற்காட்டில் புறப்பட்டு, பொன்னேரி வழியாக, கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்குப் போகும் பஸ். முழுக்கப் பெண்கள். சத்யா ஏரியை ஒட்டிய மீனவக் குப்பத்துக்காரி. அவளை வேலைக்கு அனுப்பும்போதே அவள் அண்ணன் மோகன்ராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: “உன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சின்னா, அன்னியோட நின்னுக்கணும்.” அந்த வேலையை அவள் உயிராக நேசித்தாள். வேலையை விடவும் அந்த பஸ்ஸை நேசித்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் பஸ்ஸில் நாவல் ஓடியது. பழவேற்காட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள் ஜபீன் போனைப் பார்த்து உரக்க வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு: ‘ஆள் போடுவது’. நாவலில் வரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த முகம் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் கதை கண்ணில் ஓடும். எல்லாம் முடிந்த பிறகு வந்து விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கு, லைன் சூப்பர்வைசர் வசந்தகுமார். முதலில் கொல்லப்படும் பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு யாரையும் கூப்பிடாமல் வேலையை விட்டுப் போனவள்.

வண்டி ஓட்டும் ஏழுமலைக்கு ஒரே மனத்தாங்கல். “இத்தினி பேருக்கு ஆள் போட்டீங்க. டெய்லி உங்கள இட்டுகினு வர்றேன், எனக்கு ஒண்ணும் இல்லியா?”

“உங்களுக்குத்தான்ணே மெயின் ரோலு” என்றாள் சத்யா. “நீங்கதான் கொலைகாரன்.”

ஏழுமலை சிரித்த சிரிப்பில் வண்டியே ஒருமுறை குலுங்கியது. அதற்குப் பிறகு ஏறுகிறவர்களிடமெல்லாம் “இன்னாம்மா, இன்னிக்கி யார முடிச்சேன்?” என்று விசாரிப்பார். கொலைகாரனாக இருப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

(இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கதாசிரியனுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் அவருக்கு நல்லதல்ல.)

3

காய்ச்சலில் லீவு போட்டிருந்த நாளில், சத்யா அத்தியாயத்தைத் தானே படித்துவிட்டு பஸ் குரூப்புக்குத் தன் கருத்தை வாய்ஸாக அனுப்பினாள். பேசும்போது விரல் நழுவியதால் குரல் இரண்டாக உடைந்துபோயிற்று. முதல் துண்டில் நாவலின் பெயர் இருந்தது. இரண்டாவது துண்டு இது:

“அடியே, ஆறாவது பொண்ணையும் முடிச்சிட்டான்டி! கம்பெனி பஸ்ஸுலதான் இட்டுகினு போயிருக்கான். நம்ம ஏழுமலை அண்ணன்தான், வேற யாரு, அடிச்சி சொல்றேன். யாரும் கடைசி ஸ்டாப் வரைக்கும் தனியா போயிடாதீங்கடி!”

யாரோ ஒருத்தி அந்த இரண்டாவது துண்டை மட்டும் வேடிக்கையாகத் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை சுய உதவிக் குழுவுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு அது யாருக்கும் வேடிக்கையாக இல்லை.

கடைசியில் அது சத்யாவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா கங்கம்மாள், கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினாள்.

“கேட்டியாடி இந்த அநியாயத்த? எந்த ஊட்டுப் பொண்ணோ, பாவம், எவ்ளோ தைரியமா சொல்லுது பாரு.”

போனில் பேசியது சத்யாதான். அம்மாவுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை.

[என் மனைவி இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டாள். “பெத்தவளுக்குப் பொண்ணோட குரல் தெரியாதா? நம்பற மாதிரி எழுதுங்க” என்றாள். நான் மாற்றவில்லை. வீட்டில் சத்யா “ம்”, “சரிம்மா”, “வெச்சிட்டேன்” என்ற மூன்றைத் தவிரப் பேசுவதில்லை. சிரித்துக்கொண்டே அடித்துப் பேசும் சத்யாவை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குரல் பஸ்ஸில் ஏறும்போது வரும், இறங்கும்போது போய்விடும். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.]

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணன் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் ஊர் மறந்துவிடும் என்று நினைத்து, சொல்லவில்லை.

4

மறக்கவில்லை. மறுநாள் மதிய ஷிப்டுக்குப் போன பஸ்ஸைக் குப்பத்து முனையில் மறித்தார்கள். காய்ச்சல் விட்டு சத்யாவும் அதில்தான் ஏறியிருந்தாள். சாவியைப் பிடுங்கியது மோகன்ராஜ். ஏழுமலையின் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கியவர்கள் அவர் வண்டி நிறுத்தி டீ குடிக்கும் கடையில் கூடவே உட்கார்ந்து குடித்தவர்கள்.

ஜபீன் ஜன்னல் வழியாகக் கத்தினாள். “அண்ணே, அது கதைண்ணே! போன்ல வர்ற நாவல்! இதோ பாருங்க!”

போனை வாங்கிப் பார்த்தார்கள். அட்டைப் படத்தில் ஒரு பஸ், ஒரு கத்தி, ரத்தம் சொட்டும் கையுறை.

“பார்றா, போட்டோவே வந்துக்குது!” என்றான் ஒருவன்.

“கதையாம் கதை. அப்ப இந்தப் பொண்ணு பேசுதே, இது இன்னா பொய்யா?” என்றான் மோகன்ராஜ். “அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும், உட்டுட்றோம்.”

மர்ம நாவலில் எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் வாசகருக்கு இன்பம். அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். சந்தேகம் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அனுப்ப எந்த எழுத்தாளருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சத்யா இறங்கி, “அது நான்தான்” என்று சொல்கிறாள், கூட்டம் கலைகிறது. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது, உடனே கிழித்துவிட்டேன். கூட்டம் கலையும், சரி. வீட்டுக்குப் போன பிறகு? அந்தப் பக்கத்தை நான் எழுதவே இல்லையே.

தோழியைக் காப்பாற்ற ஜபீன், “என் குரல்தான்” என்று சொல்கிறாள். இதைப் பாதியில் விட்டேன். கோபமாக இருக்கும் கூட்டத்தில் ஜபீன் என்ற பெயரைக் கொண்டுபோய் வைத்தால் கதை எந்தப் பக்கம் திரும்பும் என்று நினைத்தாலே பயமாக இருந்தது.

போலீஸ் ஜீப் சீறிக்கொண்டு வந்து—

[வராது.]

6

இவ்வளவு யோசித்த நான் ஏழுமலையை மறந்துவிட்டேன். ஐந்து பகுதி எழுதியும், அடி வாங்கப்போகிற மனிதருக்கு அது யார் குரல் என்று தெரியுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாமல் இருக்குமா? தினமும் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல். அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்த குரல்.

மோகன்ராஜ் போனை அவர் காதோரம் பிடிக்கிறான். “உன் பஸ்ஸுல வர்ற பொண்ணுதான இது? யாருன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இரு.”

ஒரு பெயர் போதும். சாவி கைக்கு வந்துவிடும். ஏழுமலை குரலை முழுசாகக் கேட்கிறார். பஸ் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துச் சொல்கிறார்.

“தெர்லப்பா.”

கன்னத்தில் ஓர் அறை விழுகிறது.

சத்யா சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். ஜபீன் அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள், அவள் விடுவித்துக்கொண்டு படிவரை வந்துவிட்டாள். கீழே அண்ணன். அவனுக்குப் பின்னால் ஊர்.

‘பேச வேண்டியதுதானே’ என்று உங்களில் பலர் இந்நேரம் கருத்துச் சொல்லியிருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதைத்தான் சொன்னேன். பிறகு அவள் நிற்கும் படியில் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவள் பேசினாளா என்பதை நான் எழுதப்போவதில்லை.

போனை மறுபடியும் அவரிடம் நீட்டுகிறார்கள்.

“நல்லா கேட்டுச் சொல்லு. யாரு இது?”

ஏழுமலை உதட்டில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொள்கிறார். அவள் படிக்கு வந்துவிட்டது அவருக்குத் தெரியும். அதே பதிலைச் சொல்ல மறுபடியும் வாயைத் திறக்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் யாராவது பேசியாக வேண்டும். இப்போது அந்தப் படியில் நீங்கள் நிற்கிறீர்கள்.