காதில் சொன்ன சாட்சி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் பிஷப் என் இடது கீழ்த்தாடையில் ஊசி போட்டார். எங்கள் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறு முழுக்க சபையைப் பார்ப்பார், மற்ற நாட்களில் தன் பிழைப்பைப் பார்ப்பார். இவருக்கு முன்னால் இருந்தவர் டிராக்டர் விற்றார். இவர், பிஷப் ஹார்ஸ்ட், பல் பிடுங்குகிறார். பாவத்தைச் சொல்வதானாலும் சொத்தையைக் காட்டுவதானாலும் ஒரே ஆளிடம்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு. இரண்டுக்கும் சேர்த்து நான் அன்று போயிருந்தேன்.

மரத்துப்போகட்டும் என்று ஐந்து நிமிடம் விட்டார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேச்சை எடுத்தார். போன வாரம் நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். பதினெட்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் தவறு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன், அதைப் பிள்ளைகள் முன்னால் திருத்த அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தேன். பிஷப் என் வாயில் பஞ்சு வைத்தபடி, நல்ல மனிதர், மிகவும் மெதுவான குரலில் கேட்டார்.

"அது ஒண்ணும் மறைச்சு வச்ச விஷயம் இல்லையே, பிரதர் லண்ட். தேடிப் படிச்சவங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தவரு நீங்க, உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

என் நாக்கு அப்போது என் நாக்காக இல்லை. பஞ்சுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதை அவர் பதில் என்று எடுத்துக்கொண்டார். மனசுக்குள் என்ன சங்கடம் இருந்தாலும் அவரிடம் வந்து பேசலாம், வகுப்பிலும் வேண்டாம், சபை நடுவிலும் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன்.

விஷயம் இதுதான். பைபிளுக்கு மேல் எங்களுக்கென்று இருக்கும் தனி வேதப் புத்தகத்தை, எங்கள் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்தார் என்பது நாங்கள் தாய்ப்பாலோடு குடித்தது. நான் வகுப்பில் காட்டிய படத்தில் அவர் ஒரு மேசை முன் உட்கார்ந்து, திறந்து கிடக்கும் தகட்டின் மேல் விரலை வைத்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பார். எதிரே எழுத்தர். ஜன்னலிலிருந்து வெளிச்சம். அந்தப் படத்துக்கு நான் என் கையாலேயே பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன், மூலை மடங்கக் கூடாது என்று.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, பாடத்துக்கு வேறு படம் கிடைக்குமா என்று சபையின் சொந்த இணையப் பக்கத்தில் தேடினேன். ஒரு கல்லின் புகைப்படம் வந்தது. முட்டை அளவு, பழுப்பு நிறம், வெளிறிய கோடுகள். இந்தக் கல்லைத் தொப்பிக்குள் போட்டு, வெளிச்சம் புகாதபடி முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு அவர் கல்லில் தெரிந்த வாக்கியங்களைச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் எழுதினார், தகடுகள் பெரும்பாலும் துணி சுற்றியே இருந்தன என்று கீழே எழுதியிருந்தது. யாரோ விஷமிகள் சபையின் பக்கத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகவரியை மூன்று முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எழுந்து போய் வான்கோழிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். கல் அங்கேயே இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா இந்தப் புத்தகத்தை நம்பி டென்மார்க்கிலிருந்து கப்பலேறி, சமவெளி முழுக்கக் கைவண்டி இழுத்து, ஒரு பிள்ளையை வழியில் புதைத்துவிட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். அவரை நினைத்து அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. தூங்கும்போது கையை உடம்புக்கடியில் வைத்துப் படுத்தால் விடியும்போது அது வேறு யாருடைய கையோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. ஒரே ஒரு நினைப்பு மட்டும் தெளிவாக வந்தது. ஜனீல்.

ஜனீல் என் மூத்த மகள். ஆறு வருடம் முன்பு, பதினாறு வயதில், என் வகுப்பிலேயே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள், நான் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டியபோது கையை உயர்த்தினாள். இதே கல், இதே தொப்பி. இணையத்தில் படித்ததாகச் சொல்லி, நிஜமா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகளே கேட்டுவிட்டாளே என்று எனக்கு முகம் சுட்டது. நம் சபையை வெறுப்பவர்கள் கட்டிய கதை அது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "நான் படிச்சது பொய். அந்தப் பொய்யை இங்க கொண்டுவந்ததுக்கு மன்னிச்சுக்குங்க." பதினோரு பிள்ளைகள் முன்னால் அவள் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பாவாடையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

பதினெட்டு வயதில் பாய்சி நகரத்துக்குப் போனாள். அடுத்த வருடம் சபைப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதினாள். பொய்யை நம்பிப் போய்விட்டாள் என்று ஊரில் சொன்னோம். அப்புறம் ஊர் அவள் பெயரைச் சொல்வதை நிறுத்தியது. நாங்களும்.

கல்லைப் பார்த்த பிறகு அவளைக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் ஆனது. செப்டம்பர், அக்டோபர் எங்களுக்கு வான்கோழி வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் தீவனக் கிடங்குக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். நீ அன்று கேட்டது நிஜம், சபையே சொல்லிவிட்டது, நான்தான் தவறு, மன்னித்துவிடு. அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கல்லுல எனக்கு என்னப்பா இருக்கு?" என்றாள். "தகட்டுல படிச்சா என்ன, தொப்பிக்குள்ள படிச்சா என்ன. நான் கேட்டேன். நீங்க என்னைய அது பொய்யின்னு சொல்ல வச்சீங்க. அதுவும் என் வாயாலயே."

எனக்கே அப்போது தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. அந்த ஒரு வார்த்தை போதும்ப்பா எனக்கு." பிறகு, "இதை ஃபோன்ல, யாருக்கும் கேக்காத எடத்துல நின்னு என்கிட்ட சொல்லாதீங்க. எங்க வச்சு என்னைச் சொல்ல வச்சீங்களோ அங்க சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்பிடுங்க, எடுக்கறேன்" என்றாள்.

சொல்லாமல் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள் என்பதை நான் புரிந்துகொண்டேன். அதனால்தான் பிஷப்புக்குக் கடிதம்.

கார்லீனுக்கு, என் மனைவிக்கு, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். மடித்து மேசையில் வைத்துவிட்டு, சரி, கல், அதனால் என்ன என்று கேட்டாள். கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். குடும்பம் சாவுக்குப் பிறகும் சேர்ந்தே இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு மூச்சு மாதிரி. அதற்காகத்தான் நாங்கள் ஞாயிறு கூடும் சபைக் கட்டடத்தில் இல்லாமல், அனுமதிச் சீட்டு உள்ளவர்களை மட்டும் விடும் ஆலயத்துக்குள் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம். நான் சபை நடுவில் பேசினால் என்ன நடக்கும் என்பதைக் குரலை உயர்த்தாமல் எண்ணிச் சொன்னாள். வகுப்பு போகும். ஆலயத்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு போகும். கடைக்குட்டி பிரின்லிக்கு எட்டு வயதாகும்போது ஞானஸ்நானம் கொடுக்க அப்பாவான என்னைத் தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள், வேறு யாராவது அவள் கையைப் பிடிப்பார்கள். பிரேசிலில் சபை ஊழியத்துக்காக வெள்ளைச் சட்டையும் டையுமாக வீடு வீடாகப் போய் அதே மேசைப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் மகனுக்கு யார் என்ன எழுதுவது.

"மேல போனா ஏற்கெனவே ஒரு நாற்காலி காலி, லாமர்" என்றாள். "அதை ரெண்டாக்கிடாதே."

அவள் சொன்னதில் ஒன்றும் மிகையில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. இரண்டு வேளை சாப்பிடாமல் சபைக்கு வருவோம். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. அப்பமும் தண்ணீரும் கொடுத்து முடித்ததும் யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் மேடை ஏறிச் சாட்சி சொல்லலாம். முடிக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் முடிப்பார்கள், இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்று. நம்புகிறேன் என்று சொன்னால் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளும் ஏறும். அதுகளுக்கு வார்த்தை தெரியாது என்பதால் பெற்றவர்கள் பக்கத்தில் குனிந்து காதில் சொல்லுவார்கள், பிள்ளை அதை மைக்கில் திருப்பிச் சொல்லும். எனக்கு என் அம்மா சொன்னாள். ஜனீலுக்கு நான் சொன்னேன். அவள் அப்போது என் ஆள்காட்டி விரலை விடவே மாட்டாள்.

ஊசி போட்ட பக்கம் இரண்டு நாளாகியும் எனக்குச் சரியாகவில்லை. அப்பத்தை வலப்பக்கம் மென்றேன். கார்லீன் மேடையில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தாள், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் முறை. பிரின்லியோடு நான் மட்டும் ஐந்தாவது வரிசையில். அன்று பேச வேண்டும் என்று வந்தேனா, பேசக் கூடாது என்று வந்தேனா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று பேர் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் அடுத்தது என்று நினைத்தேன். கால் எழவில்லை.

எழுந்தது பிரின்லி. ஐந்து வயது. தோழி ஒருத்தி ஏறுவதைப் பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்றால் அழுவாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இப்படி ஒரு அற்பக் காரணத்துக்காகத்தான் நான் மேடை ஏறினேன். பிஷப்பின் உதவியாளர் பிரதர் ஆல்ரெட், பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர், பொத்தானை அமுக்கினார். பேசுகிறவர் உயரத்துக்கு ஏற்ப எங்கள் பிரசங்க மேசையை ஒரு மோட்டார் ஏற்றி இறக்கும். அது முனகிக்கொண்டே பிரின்லியின் கழுத்தளவுக்கு இறங்கியது. முகத்தில் தொங்கிய முடியை ஒதுக்கி, வழக்கம்போலக் காதை என் பக்கம் திருப்பினாள்.

நான் குனிந்தேன். பதினெட்டு வருடத்துச் சொற்கள் நாக்கின் நுனியில் தயாராக இருந்தன. இந்தச் சபை உண்மையானது என்று. ஒரு மூச்சு. அவ்வளவுதான் வேண்டும். அதற்கப்புறம் எல்லாம் பத்திரம், வகுப்பு, கார்லீன், எட்டாம் வயதுத் தண்ணீர். பிரின்லியின் காதில் ஒரு சின்ன மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"சொல்லுங்கப்பா" என்றாள். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. சபை செல்லமாகச் சிரித்தது.

"எங்க அக்கா பேரு ஜனீல்" என்று காதில் சொன்னேன்.

"எங்க அக்கா பேரு ஜனீல்" என்றாள் பிரின்லி, உரக்க.

சிரிப்பு நின்றது. வலப்பக்கம் ஆர்கன் பெஞ்சு லேசாகக் கிரீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரின்லி அடுத்த வரிக்காகக் காதைக் காட்டினாள்.

"அவ பொய் சொல்லல."

"அவ பொய் சொல்லல" என்றாள், பிறகு தானாகவே சந்தேகம் வந்து, "யாருப்பா பொய் சொன்னா?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றும் இப்படித்தான். நான் சொன்னேன், ஒரு பிள்ளை எழுந்து நின்று திருப்பிச் சொன்னது. இன்றும் என் வார்த்தையை இன்னொரு பிள்ளையின் வாயில் வைத்துவிட்டு நான் அதன் முடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். மூன்று மாதமாக வராத வெட்கம் வந்தது. ஊசியின் மரப்பு விடும்போது உணர்ச்சி திரும்புவது போல, வலது கன்னத்திலிருந்து தொடங்கி முகம் முழுக்க ஊறியது.

பிரின்லி காதை மறுபடி திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் நிமிர்ந்தேன். பிஷப் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். கார்லீன் இரண்டு கையையும் கட்டைகளின் மேல் வைத்திருந்தாள், அமுக்கவில்லை. பட்டினியில் அரைக்கண் மூடியிருந்த பிரதர் ஆல்ரெட், நான் நிமிர்ந்ததைப் பார்த்து, அப்பா பேசப் போகிறார் என்று நினைத்து, மரியாதையாகப் பொத்தானை அமுக்கினார்.

மேசை முனகிக்கொண்டு மேலே எழும்பியது. சபையின் கண்ணுக்குப் பிரின்லியின் தாடை மறைந்தது, மூக்கு மறைந்தது, கண் மறைந்தது. என் நெஞ்சளவு வந்து நின்றது. மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில், அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்திருந்தாள்.